விசில் ஊதவும் படிக்க வேண்டும்

பி.காம். முடித்த அக்கா மகன், "மாமா, நான் உடற்கல்வி ஆசிரியர் படிப்பான பி.பி.எட். சேரப் போகிறேன்" என்றான். "விசில் ஊதுவதற்கு இரண்டு வருடப் படிப்பா?" என்று அக்கா என்னைத்தான் முறைத்தாள். நானும் உடற்கல்வி ஆசிரியன், குற்றவாளி நானே.

வழி ஒன்றும் ரகசியமில்லை. ஒரு பட்டம், விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்ட சான்றிதழ், உடல்தகுதித் தேர்வு. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920 முதல் உடற்கல்வியைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளராக விரும்பினால் பஞ்சாபின் பட்டியாலாவுக்குப் போய் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ படிக்கலாம்.

ஆனால் படிப்பு என்னவென்று புரிய, நேற்று அவனை மைதானத்துக்கு அழைத்துப்போனேன். கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புத் தூள். 400 மீட்டர் ஓடுபாதை போடு என்றேன். வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்க்கோடு 84.39. முதல் தடத்தில் ஓடுபவர் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. அதைச் சேர்த்தால்தான் 400 வரும். இரண்டாவது தடத்தில் அந்தக் கணக்கு 20 சென்டிமீட்டர். வெளித்தடம் நீளம் என்பதால், 1.22 மீட்டர் அகலத் தடமென்றால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது தடத்தின் தொடக்கம் 7.04 மீட்டர் முன்னால். பையன் பையைத் துழாவிக் கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்தான்.

சாயங்காலம் முழங்கால்வரை வெள்ளையாக வந்து நின்றவனைப் பார்த்து அக்கா கேட்டாள்: "சுண்ணாம்பு அடிக்கப் போனாயா?"