வரிசை வீட்டுக் கோழிகள்: பெஸ்தாரி ஜெயாவில் செய்து பார்த்தது

பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள அந்த ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா. தோட்ட லயங்களை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கோழி இல்லாத கொல்லை குறைவு. பின்னால் கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனை. வேலி பல இடங்களில் பெயருக்குத்தான் நிற்கிறது. அதனால் கோழி இங்கே ஒரு வீட்டுச் சமாச்சாரமாக இருப்பதில்லை. முதல் வீட்டில் சீக்கு வந்தால் கடைசி வீடுவரை போகும். ஒருவர் தீனியைத் திறந்து வைத்தால் எலி எல்லார் வீட்டுக்கும் வரும். வரிசை முழுவதையும் ஒரே மந்தையாக எண்ணி வேலை செய்தால்தான் கோழி நிலைக்கிறது. அப்படிச் செய்து பார்த்ததன் விவரம் இது.

கூண்டு

எட்டுப் பெட்டைக்கு உள்ளளவு 8 அடிக்கு 4 அடி, அதாவது தலைக்கு 4 சதுர அடி. பகலில் உலாவ, வலையடித்த இடம் தலைக்கு 10 சதுர அடி. இதைக் குறைத்தால் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கத் தொடங்கும். வாலடியில் தோல் தெரிகிற கோழி இருந்தால் முதலில் இடத்தைப் பாருங்கள், அடுத்து தீனியில் புரதத்தைப் பாருங்கள்.

கூண்டின் தரை மண்ணிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை சாய்ந்து அடிக்கும். கூரை ஒன்றரை அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் ஜிங்க் தகடு மதிய வெயிலில் கூண்டைக் கொதிக்க வைத்துவிடும். தகட்டுக்குக் கீழே நாலு அங்குல இடைவெளி விட்டு ஓர் அடுக்கு அத்தாப்பு ஓலை கட்டினால் சூடு நன்றாகவே குறைகிறது. கூரையை ஒட்டிச் சுவரில் 6 அங்குலம் வலை மட்டும் இருக்க வேண்டும். அது அடைபட்டால் எச்சத்தின் காரநெடி உள்ளேயே தங்கிக் கோழிக்குக் கண்ணெரிச்சலும் சளியும் வரும்.

ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் மழையில் நனைகிற இடத்துக்கு ஆகாது. துளைப்பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடித்துவிடும். கால்களுக்கு இரும்புச் சட்டமோ பழைய வீடு இடித்த, செங்கால் என்கிற உறுதியான மரக் கட்டையோ போடுங்கள். காலைச் சுற்றி ஒரு பட்டை கிரீஸ் தடவிவிட வேண்டும். குஞ்சு ஓட்டை உடைக்கிற நேரத்தில் எறும்பு ஏறினால் அடையில் ஒன்றும் மிஞ்சாது.

உட்காரும் கட்டை தலைக்கு 9 அங்குலம். அது முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே தூங்கி, எச்சமிட்டு, முட்டையை அழுக்காக்கும். பெட்டி ஓர் அடிச் சதுரம், நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும்.

வலை விஷயத்தில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடையில் கோழிவலை என்று தருகிற அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியாளைத் தடுக்காது. மூசாங், அதாவது மரநாய், அதைப் பிய்க்கும். இளம் மலைப்பாம்பு கண்ணி வழியாகவே நுழைந்து, கோழியை விழுங்கிய பிறகு வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். அரை அங்குலச் சதுரக் கண்ணியுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். அதை யு வடிவ ஆணியில் அடிக்காமல், 6 அங்குலத்துக்கு ஒரு திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். நாயும் உடும்பும் வலையின் அடியில்தான் தோண்டும். ஆகவே ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்துச் செங்கல் ஏற்றிவிட்டால் தோண்ட இடம் கிடைக்காது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, மூசாங் வந்தாலும் ஓடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் கூண்டை அடைப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில், "அக்கா, கூண்டைக் கொஞ்சம் அடைச்சு விட்டுடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவே தேவை.

தோட்டங்களில் எலி பிடிக்கப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அதற்கு எலிதான் ஆகாரம். கவலைப்பட வேண்டியது எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி விஷத்துக்கு. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டு, மருந்து வைக்கிற, களைக்கொல்லி அடிக்கிற நாட்களில் கோழியைக் கால்வாய் தாண்ட விடாதீர்கள். செத்துக் கிடக்கும் எலியைக் கோழி கொத்துமுன் எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

குஞ்சு

முட்டை மட்டும் போதும் என்றால் பழுப்பு முட்டைக்கோழி வாரத்துக்கு ஐந்தாறு இடும், சேவலே தேவையில்லை. கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அதன் அருமை குஞ்சிலும் ரசத்திலும்தான்.

அடைக்கு வைக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்க, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் நிழலான இடத்தில் வைத்திருங்கள். ஒரு கம்பத்துப் பெட்டைக்குப் பத்து முட்டை தாராளம். ஏழாம் நாள் இரவு முட்டையைக் கைவிளக்கின் மேல் பிடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்கள் போலச் சிவப்பு நரம்புகள் பரவியிருந்தால் கரு நிற்கிறது. வெளிச்சம் தடையில்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் பொரியும்.

தாயில்லாமல் வாங்கி வந்த குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். நம் ஊர்ப் பகல் வெப்பத்துக்கு 40 வாட் குண்டு பல்பு இரவில் மட்டும் பல சமயம் போதும். வெப்பமானியைவிடக் குஞ்சே சரியாகச் சொல்லும்: பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தடுப்பு மருந்து

வரிசையாகச் சேர்ந்து செய்வதன் பலன் இதில்தான் முழுக்கத் தெரிகிறது. கோழியை மொத்தமாகக் கொண்டுபோவது ராணிக்கெட் நோய், மலாயில் சம்பார் ஆயாம். பச்சைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல். வந்தபின் மருந்து கிடையாது. தடுப்பு மருந்தோ பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாகவோ அதற்கு மேலோதான் கிடைக்கும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கிறவர் தனியாக வாங்கினால் மிச்சம் எல்லாம் வீண், அதனாலேயே பலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். வரிசை முழுதும் ஒரே காலையில் போட்டால் ஒரு குப்பி சரியாகத் தீரும். நடுவில் மருந்து படாத கூண்டு ஒன்றும் இருக்காது.

கடையிலிருந்து குப்பியை ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டு வர வேண்டும். வெயில் ஏறுமுன் ஆரம்பியுங்கள். கூடவே வரும் நீர்மத்தில் கலக்கி, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒருவர் கோழியைப் பிடிக்க, ஒருவர் சொட்டு விட, ஒருவர் போட்டதற்கு அடையாளமாகக் காலில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். கோழியின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு கண் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். சொட்டு கண்ணின் மேல் விழுந்து நிற்கும், கோழி இமைத்ததும் உள்ளே இறங்கி மறையும். இமைக்கும்வரை விடக் கூடாது. அவசரப்பட்டு விட்டால் தலையை உதறிவிடும், மருந்து தரையில் போய்விடும். நம் கண்ணில் பட்டால் சிவந்து வீங்கும், கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

முதல் சொட்டு 5 முதல் 7 நாள் குஞ்சுக்கு, அடுத்தது மூன்று நாலு வாரத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சோர்ந்து கிடக்கும் கோழிக்குப் போடக் கூடாது. தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்துவிட்டுக் கொடுங்கள். குழாய் நீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும் என்பதால் லிட்டருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கிய பால் மாவு முதலில் கலக்க வேண்டும்.

கம்பத்துக் கோழிக்கென்றே வெப்பத்தைத் தாங்கும் வி4 வகை மருந்தை 1980-களில் நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில் (யுபிஎம்), ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். தீனியோடு சேர்த்தே கொடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தார்கள். ஐனி இடெரிஸ் அந்த ஆய்வில் முக்கியமானவர். கொல்லைக் கோழியை ஒரு பொருட்டாக மதித்து நடந்த வேலை அது, நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

கோழியம்மை கொசுவால் பரவுகிறது. தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துக் கழுவினால் ஏடிஸ் கொசுவும் சேர்ந்து குறையும். பொருக்கை உரிக்காமல் அயோடின் தடவுங்கள். கண் மூடிக்கொண்ட குஞ்சுக்கு உப்பு நீரில் கண்ணைத் துடைத்து, கையால் தண்ணீர் கொடுத்தால் பிழைக்கும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் அது ஈரத் தரையால் வந்த இரத்தக் கழிச்சல். ஆம்ப்ரோலியம் வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கொடுத்து, தரை உமியை முழுக்க மாற்றுங்கள்.

திடீரென்று பல கோழி செத்தால், சாகக் கிடப்பதை அறுத்துக் குழம்பு வைப்பதும் விற்பதும் கூடவே கூடாது. கிளந்தானில் 2004-லும் 2017-லும் எச்5என்1 பறவைக்காய்ச்சல் வந்திருக்கிறது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதுவரை யாரும் அடுத்தவர் கூண்டுக்குப் போக வேண்டாம், செருப்பிலேயே சீக்கு நடந்து போகும்.

தீனி

ஒரு பெட்டை நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். பத்துக் கோழிக்கு 50 கிலோ மூட்டை ஒன்றரை மாதம் வரும். இந்தப் புழுக்கத்தில் அது மிக அதிக நாள். சோளம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் போகாது, ஆகவே வாடை வந்த தீனியைக் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவைத்தால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும், எலிக்கும் ஒன்றும் கிடைக்காது.

குஞ்சுத் தீனியில் 20 சதவீதம் புரதம், வளரும் கோழிக்கு 15 அல்லது 16, முட்டையிடத் தொடங்கிய பிறகு 16 அல்லது 17. முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதில் உள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவு என்று அள்ளிப் போடுகிறார்கள். நார் அதிகம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் முட்டை குறையும். செகின்சான் பக்கத்து அரிசி ஆலைத் தவிடும் அப்படித்தான், கூட்டுத் தீனிக்குத் துணைதானே தவிர மாற்று ஆகாது. தேங்காய்ச் சக்கையைக் காலையில் போட்டு, மிச்சத்தை மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் வயிறு கெடும்.

ஓடு மெல்லியதாக வந்தால் கோலசிலாங்கூர் கெராங் சிப்பி ஓடு நல்ல மருந்து. உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அடுப்பில் வறுத்து, பச்சைப் பயறு அளவுக்கு இடித்துத் தனித் தகரத்தில் வையுங்கள். தீனியில் கலக்க வேண்டாம், தேவைப்பட்ட கோழி தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

அக்கம்பக்கம்

சண்டைக்குக் காரணம் மூன்று: கூவல், நாற்றம், கீரைப்பாத்தி. ஒருமுறை சேர்ந்த பெட்டை பத்து நாளுக்கு மேல் கருவுள்ள முட்டை இடும். அதனால் எல்லா வீட்டிலும் சேவல் தேவையில்லை, ஒரு நல்ல சேவலை வாரக்கணக்கில் மாற்றி மாற்றி விட்டுக்கொள்ளலாம். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் கணக்கில் சேராது, அதை யாரும் கேட்கவும் கூடாது. ஒரே சேவலின் வாரிசுகளாக மந்தை பெருகாமல் இருக்க, ஆண்டுக்கு ஒருமுறை வேறு தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) சேவல் மாற்றிக்கொள்ளுங்கள். புதிது எதுவானாலும் மூன்று வாரம் தனிக் கூண்டு.

நாற்றத்துக்கு ஐந்தங்குல உமி. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நிற்கக் கூடாது, நின்றால் கிளறிப் புது உமி போட வேண்டும். எடுத்த எருவை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் மக்கவையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். புரட்டாமல் விட்ட குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது பக்கத்துச் செம்பனைக்குக் கேடு. புரட்டும்போது வெளிவரும் வெள்ளைப் புழுவைக் கோழி ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும். மக்கிய எருவில் முதல் பங்கு, கோழி கிளறிய பாத்திக்காரருக்கு.

தீபாவளிக்குக் கறிக்கோழி வேண்டும் என்றால் முன்பே கணக்குப் போட வேண்டும். 21 நாள் அடை, அதன்பின் நாலரை மாதம் போனால்தான் கம்பத்துக் கோழி ஒன்றரைக் கிலோவைத் தொடும். 2026-இல் பண்டிகை நவம்பர் 8. மே மூன்றாம் வாரத்துக்குள் முட்டை வைத்தாக வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வைத்தால் குஞ்சுகளுக்கு முதல் சொட்டு ஜூன் நடுவில் ஒரே காலையில் போட்டுவிடலாம், ஒரு குப்பியில் முடியும்.