தீபாவளி வாரத்துக் காய்ச்சல் கணக்கு

பல்லடம் பக்கம் ஒரு வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். கொசுப்புழு, குடிநீர் குளோரின், பெட்டிக்கடைப் புகையிலைச் சோதனை என்று நாளெல்லாம் அலைச்சல்தான். அத்தனையிலும் எனக்குப் பிடித்தது காய்ச்சல் கணக்கு, அதாவது எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணிப் பதிவது.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் வந்தது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்து எழுதுவது எஸ் பாரம். டாக்டர் பார்த்து எழுதினால் பி, லேபில் உறுதியானால் எல். முன்பு திங்கள் முதல் ஞாயிறு வரை வாரக் கணக்கு, இப்போது ஐ.எச்.ஐ.பி. என்னும் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் அன்றாடம் ஏற்றுகிறோம். வரைபடத்தில் கோடு ஏறினால் மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும். இறங்கினால் யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ இறங்குகிற கோட்டின் மேல்தான் சந்தேகம்.

தீபாவளி வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போனஸ் வாங்கிய கையோடு தறி ஓட்டுகிறவர்களும் பனியன் கம்பெனி ஆட்களும் மதுரை, தேனி என்று பஸ் ஏறிவிடுவார்கள். பீகார்ப் பையன்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். ஓ.பி. வெறிச்சோடிவிடும், வரைபடத்தில் பெரிய பள்ளம். ஆனால் தமிழ்நாட்டில் இன்ஃப்ளூயன்சா ஏறுவதே வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான். காய்ச்சல் குறையவில்லை, காய்ச்சல்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவே. போதாததற்கு டெங்குவும் அதே மாதங்களில் தலைதூக்கும்.

இன்னொரு சிக்கல் இருமல். ஃப்ளூ மாதிரிக் காய்ச்சல் என்று பதிய 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலும் இருமலும் வேண்டும், தொடங்கிப் பத்து நாளைக்குள் இருக்க வேண்டும். அதோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அது தீவிரச் சுவாசத் தொற்று, வேறு கணக்கு. படிக்கச் சுலபம். திங்கட்கிழமை ஓ.பி.யில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

“ஏனுங்கக்கா, காய்ச்சல் எத்தனை நாளாங்க?” என்று நர்ஸம்மா கேட்பார்.

“காய்ச்சல் கெடக்குதுங்க. இந்த இருமல்தானுங்க தூங்க உடமாட்டேங்குது.”

அந்த அக்கா ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறவர். தலைமுடியில் பஞ்சு இழை ஒட்டியிருக்கும். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அதிகம் படுத்தும். தெர்மாமீட்டர் வைக்காமல் வாய்வார்த்தையை நம்பி எழுதினால் மில்லின் தூசியெல்லாம் வைரஸ் கணக்கில் ஏறிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போதும் இதே குழப்பம்தான்.

அதனால்தான் தலை எண்ணிக்கையை விட, பரிசோதனைக்கு எடுத்த சளி மாதிரிகளில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓ.பி. கூட்டம் கூடிக் குறைந்தாலும் அந்த விகிதம் அவ்வளவாக ஏமாற்றாது. ஆனால் அதற்குச் சளி மாதிரி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். சளி எடுத்த குச்சியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் போட்டு, மூடியை இறுக்கி, ஐஸ் பேக் வைத்த கேரியரில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து அனுப்புகிறோம். லேபிளில் பேனா மை ஈரத்தில் கரைந்து பெயர் அழிந்தால் மாதிரி வீண். பென்சிலால் எழுதச் சொன்னால் சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இத்தனைக்கும் பாதிப் பேர் எங்களிடம் வருவதேயில்லை. தறி ஓட்டுகிறவருக்கு ஓடினால்தான் கூலி. மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவார். ஆகவே சாயங்காலம் டீ குடிக்கிற சாக்கில் மெடிக்கல்காரரிடம் பேச்சுக் கொடுப்பேன். இருமல் டானிக் சட்டென்று தீர்ந்தால் அவர் முகத்திலேயே தெரியும். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஆப்சென்ட் கேட்டுக்கொள்வேன். இதை ஏற்றத் தளத்தில் கட்டம் கிடையாது. தனி நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்து, தீபாவளிக்கு முன்பே மாவட்டத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்: அடுத்த வாரம் எண் குறையும், நோய் குறைந்ததென்று ஃபீவர் கேம்ப்பை நிறுத்திவிடாதீர்கள்.