சீழ் வைக்காத புண்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் நைட் டியூட்டி. பத்து மணிக்கு மேல் புற்றுநோய் வார்டிலிருந்து ஒரு ஸ்வாப் (புண்ணை வழித்தெடுத்த பஞ்சுக்குச்சி) வந்தது. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், அக்குளில் சின்னக் கொப்புளம். ஸ்லைடில் தேய்த்து கிராம் ஸ்டெயின் (கிருமிக்கு நிறமேற்றும் சாயம்) போட்டுப் பார்த்தேன். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிருமிகள், கொத்துக் கொத்தாக. லென்ஸை எங்கே நகர்த்தினாலும் அவைதான். ஆனால் சீழணு, அதாவது சீழில் இருக்கும் வெள்ளணு, ஒன்றுகூட இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்வாபில் சீழணு இல்லையென்றால், தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பாதி முடிவு செய்துவிடுவோம். எல்லோர் தோலிலும் கிருமி இருக்கிறது; உடம்பு அதை எதிர்க்கிறதா என்பதைச் சீழணுதான் காட்டிக்கொடுக்கும். என்னோடு டியூட்டியில் இருந்த சீனியர் அக்கா ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கவுன்ட் என்ன?"

கணினியில் தேடினேன். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் 200-க்கும் கீழே. "அப்புறம் சீழுக்கு எங்கே போறது?" என்றார் அக்கா.

சீழ் என்பதே பெரும்பாலும் கிருமியைத் தின்று செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தான். அந்த வெள்ளணுவே இல்லாதவருக்குப் புண் பழுக்காது. சிவப்பும் வீக்கமும்கூடப் பெயருக்குத்தான் இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும் அந்தப் புண்ணுக்குள் கிருமி தடையே இல்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் 'சீழணு காணப்படவில்லை. நியூட்ரோஃபில் மிகக் குறைவாக இருப்பதால் தொற்றாகவே கருதவும்' என்று எழுதி, வார்டுக்குப் போனிலும் சொன்னோம்.

மார்ச் 5, புதன்

பயந்தபடியே அவருக்குக் காய்ச்சல். வெள்ளணு குறைந்தவர்களுக்கு அளவுகோலே வேறு: உடல் வெப்பம் ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அவசரம்தான். ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றிவிட வேண்டும். எங்கள் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

பாட்டில்கள் வந்தன. இரண்டு இடங்களில் குத்தி எடுத்த இரண்டு ஜோடி, ஒவ்வொன்றும் நிறைவாக. அந்த வார்டு நர்ஸுகளுக்கு ஒரு கும்பிடு. வேறு சில வார்டுகளிலிருந்து மூன்று மில்லி மட்டும் எடுத்து அனுப்புவார்கள். பெரியவர்கள் ரத்தத்தில் கிருமி புகுந்திருந்தாலும் பல நேரம் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். எட்டு, பத்து மில்லி இல்லாமல் அதைப் பிடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம்.

மார்ச் 6, வியாழன்

விடிவதற்குள் மெஷின் கத்திவிட்டது. பாட்டிலின் அடியில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விட விட, நீலப்பச்சையாக இருக்கும் வட்டம் மஞ்சளாக மாறும். ஒன்றில்லை, இரண்டு ஜோடியிலும் மஞ்சள். ஒரு பாட்டிலில் மட்டும் வந்திருந்தால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று யோசித்திருப்போம். ஸ்லைடில் அதே ஊதாக் கொத்து. போன் செய்து, எதிர்முனையில் இருந்தவரைத் திரும்பச் சொல்லவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அக்குளிலிருந்து ரத்தத்துக்கு எப்படிப் போனது? புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஸ்டாஃப் ஆரியஸ் என்ற இந்தக் கிருமி, பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்கு மூக்குத் துவாரத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும். மூக்கைத் தொட்ட கை உடம்பெல்லாம் தொடும். தோலின் மேலடுக்கு காய்ந்து செத்த செல்களால் ஆனது, கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களும் அதில் உண்டு. அது முழுசாக இருக்கும்வரை ஸ்டாஃபுக்கு வழி இல்லை. முடி வேர், சிறு கீறல், உரசல் என்று ஏதாவது ஓர் ஓட்டை வேண்டும். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் அடிப்பதால் தோலும் மெலிந்துவிடுகிறது, முடி வேரும் பலவீனமாகிறது. ஓட்டை சுலபமாகக் கிடைக்கிறது.

உள்ளே போனதும் நல்ல உடம்பில் என்ன ஆகும்? சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயை விட்டு இறங்கி அந்த இடத்துக்கு வந்து குவியும். சுற்றிலும் ஃபைப்ரின் என்ற உறைநார் படிந்து வேலி போட்டதுபோல் ஆகும். அதுதான் கட்டி. வலிக்கும், சிவக்கும், உடையும். தொல்லைதான், ஆனால் கிருமி அங்கேயே அடைபட்டிருக்கிறது. நியூட்ரோஃபில் வராவிட்டால் கிருமி தோலடித் திசுக்களில் பரவி நிணநீர்க் குழாய்க்குள் போகும். அக்குளில் நிணநீர் முடிச்சுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கேயும் வடிகட்ட ஆள் குறைவு. அதைத் தாண்டினால் நிணநீர் கழுத்தடியில் பெரிய சிரையில் போய்க் கலக்கிறது. இது ஒரு வழி. இன்னொரு வழி நேரடியானது: ஸ்டாஃபின் நச்சுகள் அருகிலிருக்கும் சின்னச் சிரைகளின் சுவரையே அரித்துவிடும்.

ரத்தத்தில் கிருமி நுழைவதே அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பல் துலக்கும்போதுகூட வாய்க் கிருமிகள் கொஞ்ச நேரம் ரத்தத்தில் வந்து போகும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் விழுங்கு செல்கள் அவற்றைச் சீக்கிரமே அகற்றிவிடும். ஸ்டாஃப் கொஞ்சம் கெட்டிக்காரக் கிருமி, விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிரோடு இருந்துவிடும். நியூட்ரோஃபிலும் இல்லாதபோது கிருமி உள்ளே வரும் வேகம், வெளியே தள்ளும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது.

தம்பி, "அப்போ செப்சிஸ்?" என்றான். ரத்தத்தில் கிருமி இருப்பது ஒன்று, செப்சிஸ் இன்னொன்று. தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டி, தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்குவதுதான் செப்சிஸ். ஒன்று இன்னொன்றில் போய் முடியலாம், முடியாமலும் போகலாம். அந்த இடைவெளியில்தான் சிகிச்சைக்கு நேரம் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

பிளட் அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில்) லேசான பொன்னிறக் காலனிகள். கோயாகுலேஸ் சோதனைக்குப் பிளாஸ்மாவில் கலந்து வைத்த டியூபைச் சாய்த்தேன். உள்ளே இருந்தது அசையவில்லை, ஜெல்லியாக உறைந்திருந்தது. ஸ்டாஃப் ஆரியஸ் உறுதி. செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத, நன்றாக அகலமான தெளிவு, ஆக மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் ரகம். (மெதிசிலின் 1959-ல் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டாஃபைப் பதிவு செய்துவிட்டார்கள்.) அதுவரை கொடுத்த வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபாசோலினுக்கு மாற்றினார்கள். அடங்கும் ரகத்துக்கு அதுதான் நல்ல மருந்து.

அந்த நோயாளியின் டாக்டர் தானே இறங்கி வந்து தட்டைப் பார்த்துவிட்டுப் போனார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். இந்தக் கிருமி ரத்தத்தில் வந்தால் இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்த முடியாது. கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து எண்ணி, குறைந்தது 14 நாள்.

மார்ச் 10, திங்கள்

8-ம் தேதி எடுத்த பாட்டில்கள் 48 மணி நேரமாகச் சத்தமில்லை. வால்வும் சுத்தமாம்.

மார்ச் 12, புதன்

இன்று வேறொருவர். பல வருடச் சர்க்கரை, பாதத்தில் புண், ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பி பிரிவுக் கிருமி. ஸ்லைடில் கொத்து இல்லை, சங்கிலி. இவருக்கு வெள்ளணு எண்ணிக்கை குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது நியூட்ரோஃபில் சுறுசுறுப்பாக நகராது, விழுங்கினாலும் சரியாகக் கொல்லாது. காலுக்குப் போகும் ரத்தமும் குறைவு. நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரியாது. செருப்பு கடித்ததே தெரியாமல் நடந்திருக்கிறார்.

வந்திருந்தது மேலாக வழித்த ஸ்வாப். கால் புண்ணில் மேலே வழித்தால் ஊரில் உள்ள எல்லாக் கிருமியும் வரும். சுத்தம் செய்துவிட்டு ஆழத்திலிருந்து துளி திசு எடுத்து அனுப்புங்கள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 15, சனி

ஸ்டீராய்டு எடுப்பவர்களின் கவுன்ட் விசேஷமானது. ப்ரெட்னிசலோன் போட்டால் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் சேர்ந்துவிடும். எண்ணினால் ஏகப்பட்டது இருக்கும். ஆனால் சுவரில் ஒட்டினால்தானே வெளியே இறங்கிப் புண்ணுக்குப் போக முடியும்? ரத்தத்தில் கூட்டம், திசுவில் யாரும் இல்லை. போதாக்குறைக்குக் காய்ச்சலையும் வலியையும் அந்த மருந்து அமுக்கிவிடும். வார்டிலிருந்து "கவுன்ட் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கும்போது என்ன மாத்திரை என்று திருப்பிக் கேட்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

கீமோ நோயாளியின் கவுன்ட் ஏறிவிட்டது. எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டது போல. ஏறிய கையோடு அக்குள் சிவந்து, வீங்கி, சீழ் வைத்திருக்கிறது. தொற்று திரும்பிவிட்டதோ என்று அவர் வீட்டார் கலங்கிப்போனார்களாம். நியாயமான பயம்தான். ஸ்லைடில் சீழணுக்கள் நெரிசலாக இருந்தன, கிருமியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கல்ச்சரில் எதுவும் வளர்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் அக்கா முகத்தில் சிரிப்பு.

மார்ச் 19, புதன்

மாமா போன் செய்தார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும், டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியும் போட்டுக்கொள்கிறார்; இரண்டுமே எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. தொடையில் ஒரு பரு.

"சின்னதுதான்டா. பழுத்ததும் தானா உடையும்."

"மாமா, பழுக்குறவரைக்கும் நீங்க காத்திருக்கவே கூடாது. பிதுக்காதீங்க. ஊசி எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டுங்க. அடுத்த ஊசியைத் தள்ளிப் போடணுமான்னும் கேட்டுக்குங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க."

சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். கோட்டைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியும். பாரசிட்டமால் போடுவதற்கு முன்னால் காய்ச்சலை அளந்துவிட வேண்டும், போட்ட பிறகு அளந்து பயனில்லை. உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவது, தோலில் தெரிவதைவிடப் பல மடங்கு வலி: இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுதான். "பயமுறுத்தாதே" என்றார். மாலையில் அத்தை கூப்பிட்டு, டாக்டரிடம் போய் வந்துவிட்டதாகச் சொன்னார்.

மார்ச் 22, சனி

ஓய்வு நாள். பழைய மருத்துவ வரலாறு கொஞ்சம் படித்தேன். கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில், கெட்டியான வெண்மஞ்சள் சீழ் வந்தால் நல்ல அறிகுறி என்று ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். சீழ் வரவழைக்கவே புண்ணைக் கிளறியவர்களும் உண்டு. அது கொடுமை. ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்ததில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது: கெட்டிச் சீழ் வைத்தவர்களில் பலர் பிழைத்தார்கள், நீர்த்து வடிந்தவர்கள் செத்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் அபர்டீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, உள்ளே இருந்த கொத்துக் கிருமிகளைக் கண்டார். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

மார்ச் 26, புதன்

லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளி ஒருவரின் பாட்டிலில் இளஞ்சிவப்புக் குச்சிகள். சூடோமோனாஸ் என்ற கிருமி. வார்டில் கேட்டால், தொடையில் நடுவில் கறுத்து ஓரம் சிவந்த புண் ஒன்று இருக்கிறதாம், நேற்று இல்லையாம். இது பெரும்பாலும் எதிர்த்திசைப் பயணம். குடலிலிருந்தோ வேறெங்கிருந்தோ ரத்தத்தில் புகுந்த கிருமி, தோலில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களின் சுவருக்குள் போய் அடைத்து, அந்த இடத்தைச் சாகடிக்கிறது. ஆகவே வெள்ளணு இல்லாதவர் தோலில் புதிதாக ஒரு கறுப்பு தெரிந்தால் அது வாசலாகவும் இருக்கலாம், வந்து சேர்ந்த இடமாகவும் இருக்கலாம். இவருக்கு முதல் டோஸ் நேற்றிரவே சூடோமோனாஸைக் கொல்லும் மருந்தாகப் போயிருந்தது. நல்லவேளை.

மார்ச் 31, திங்கள்

மாதாந்திரக் கூட்டம். ஸ்வாப் அனுப்பும் படிவத்தில் மூன்று கட்டங்கள் சேர்க்கச் சொல்லி நானும் அக்காவும் கேட்டோம்: நியூட்ரோஃபில் எண்ணிக்கை, ஸ்டீராய்டு உண்டா, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்து உண்டா. இப்போதைய படிவத்தில் வயது, படுக்கை எண், 'புண்' என்ற ஒரு சொல், அவ்வளவுதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு சீழணு இல்லாத ஸ்லைடுக்கு என்ன அர்த்தம் சொல்வது? ஏற்கெனவே எழுத நிறைய இருக்கிறது என்று ஒரு டாக்டர் முணுமுணுத்தார். கடைசியில் இரண்டு கட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஸ்டீராய்டையும் மற்ற மருந்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். புதுப் படிவம் அச்சாகி வரும்வரை, சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போன் போட வேண்டியதுதான்.