எஃப்.ஜே.ஆர். 1300: இன்னும் எத்தனை நாள்?

யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 வைத்திருக்கும் எவரும் சில ஆண்டுகளாகவே ஒரு கவலையோடுதான் இருக்கிறோம். 2001-இல் ஐரோப்பாவிலும், 2003-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த இந்த மோட்டார் சைக்கிள், யூரோ 5 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததோடு ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. ஜப்பானில் இருபதாம் ஆண்டு நிறைவைக் குறிக்கும் வகையில் கருப்பும் பொன்னிறமுமாக ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டு, புதிய விதி நடப்பு மாடல்களுக்கும் பொருந்தத் தொடங்கிய 2022-இல் அங்கும் கதையை முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் விற்பனை தொடர்ந்தது நான் வசிக்கும் அமெரிக்காவில்தான். இங்கும் 2016-க்குப் பிறகு இன்ஜினிலோ வண்டியின் சட்டகத்திலோ சொல்லத்தக்க மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. புதிய ஆண்டுக்கான மாடல் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் நாங்கள் முதலில் தேடுவது புதுமையை அல்ல. பெயர் இருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு வண்டிக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு, இது என்ன மாதிரியான வண்டி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1,298 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இன்ஜின், 7,000 ஆர்.பி.எம்.மில் 138 நியூட்டன் மீட்டர் டார்க், 25 லிட்டர் பெட்ரோல் டேங்க், பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டு, இருபுறமும் பூட்டி வைக்கக்கூடிய பெட்டிகள், செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டின் மூலம் பின்சக்கரத்தை இயக்கும் ஷாஃப்ட் டிரைவ், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 290 கிலோ எடை. படித்துப் பார்த்தால் நெடுஞ்சாலைக்கென்றே செய்த கனமான வண்டி என்றுதான் தோன்றும். ஆனால் வட கரோலினாவிலிருந்து டென்னசிக்குள் நுழையும் யூ.எஸ். 129 சாலையில், 11 மைல் தொலைவுக்குள் 318 வளைவுகள் என்று கணக்குச் சொல்லும் ‘டெயில் ஆஃப் த டிராகன்’ பகுதியில் இதை ஓட்டியவர்களுக்குத்தான் மற்றொரு பாதி தெரியும். நின்ற இடத்தில் திருப்பும்போது தோளை அழுத்தும் அந்த எடை, வண்டி நகர்ந்து மூன்றாம் கியருக்கு வந்தபின் எங்கே போனதென்றே தெரியாது. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றாமலே, ஆக்சிலரேட்டரை மட்டும் ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டு போகலாம். சார்லட்டிலிருந்து அந்த மலைக்குச் செல்லும் நீண்ட நேர் சாலையில் களைப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே வண்டிதான். என் மனைவிக்கு மோட்டார் சைக்கிள்களில் தனிப்பட்ட ஆர்வம் கிடையாது. ஆனாலும் பின்னிருக்கையில் அமர்ந்து நாள் முழுவதும் வரச் சம்மதிப்பது இந்த ஒரு வண்டியில்தான்.

இரும்புப் பிட்டம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ‘அயர்ன் பட்’ சங்கத்தினர், 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டுவதையே தொடக்கநிலைத் தகுதியாக வைத்திருப்பவர்கள். பதினொரு நாள் நீளும் அவர்களுடைய போட்டியில் எஃப்.ஜே.ஆர். பல ஆண்டுகளாக வழக்கமாகத் தென்படும் வண்டி. உடம்பையும் இயந்திரத்தையும் சேர்த்துச் சோதிக்கும் அந்தப் பயணத்துக்கு மனிதர்கள் எதை நம்பித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது விளம்பரங்களைவிட எனக்குப் பெரிய சான்று.

ஷாஃப்ட் டிரைவின் அருமை, அதைப் பராமரிக்கும்போதுதான் முழுமையாகப் புரியும். செயின் உள்ள வண்டியை நீண்ட பயணத்தில் ஓட்டுபவர், இரவு விடுதிக்கு வந்ததும் களைப்போடு குனிந்து செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். மழையில் நனைந்திருந்தால் கட்டாயம் போட்டே ஆக வேண்டும். அவ்வப்போது தொய்வு பார்த்து இறுக்க வேண்டும். குறிப்பிட்ட தொலைவு ஓடியபின் செயினையும் ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதில் அந்த வேலை எதுவும் இல்லை. பின்சக்கரத்தை ஒட்டியுள்ள கியர் பெட்டியின் எண்ணெயை எப்போதாவது மாற்றினால் போதும். கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் மேலே உள்ள நிரப்பும் மூடியைக் கழற்ற வேண்டும். அது கழல்கிறது என்று உறுதியான பிறகே கீழே உள்ள வடிகால் போல்ட்டில் கைவைக்க வேண்டும். வரிசை மாறி, மேல் மூடி இறுகிப் பிடித்துக்கொண்டால், எண்ணெய் இல்லாத வண்டியோடு கொட்டகையில் நிற்க நேரும். வடிந்து வருவது 200 மில்லி லிட்டர்தான், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் தேய்த்துப் பார்ப்பேன். மாவுபோலச் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தால் பற்சக்கரங்களின் இயல்பான தேய்மானம், கண்ணுக்குத் தெரியும் துணுக்கு இருந்தால்தான் கவலை. புதிய வாஷர் போட்டு, நிரப்பும் துளையின் விளிம்பு வரை புதிய எண்ணெய் ஊற்றி மூடினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வால்வு இடைவெளியைச் சோதிப்பதும் இப்படியே 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான்.

இப்படிப்பட்ட வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்? மாசு விதிகளைக் குறைசொல்லிவிட்டு நகர்வது எளிது, அது நேர்மையாகாது. யூரோ 5 விதியின்படி ஒரு கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பன் 0.1 கிராமையும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 0.06 கிராமையும் தாண்டக்கூடாது. அமெரிக்க மத்திய அரசின் விதியோ, பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு இரண்டையும் சேர்த்து 0.8 கிராம் வரை அனுமதிக்கிறது. சோதனை முறைகள் வெவ்வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. என்றாலும் ஐரோப்பாவில் விடைபெற்ற வண்டி இங்கே ஏன் தொடர முடிந்தது என்பதை இந்த எண்களே விளக்கிவிடுகின்றன. காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின்களைப் புதிய விதிக்கு ஏற்ப மாற்ற முடியும் என்பதை மற்ற நிறுவனங்கள் செய்து காட்டியும் இருக்கின்றன. சுசுகி ஹயாபுசாவின் 1,340 சி.சி. இன்ஜின் யூரோ 5-ஐ நிறைவுசெய்து 2021-இல் திரும்பி வந்ததே.

ஆகவே சிக்கல் கணக்கில் இருக்கிறது. யமஹாவின் மூன்று சிலிண்டர் சி.பி.3 இன்ஜின் எம்.டி. 09, டிரேசர் 9, எக்ஸ்.எஸ்.ஆர். 900 என்று பல வண்டிகளில் பயன்படுகிறது. அதை மேம்படுத்த ஆகும் செலவு அத்தனை வண்டிகளின்மீதும் பரவிவிடும். எஃப்.ஜே.ஆரின் 1,298 சி.சி. இன்ஜினுக்கு அப்படி உடன்பிறப்புகள் இல்லை. செலவு முழுவதையும் அந்த ஒரு வண்டியே சுமக்க வேண்டும். அதை வாங்கக்கூடியவர்களில் பெரும்பகுதியினரோ, உயரமான அட்வென்ச்சர் வண்டிகளின் பக்கம் போய்விட்டார்கள். ஹோண்டாவின் எஸ்.டி. 1300, டிரையம்ப்பின் டிராஃபி, 2022 மாடலோடு அமெரிக்காவிலும் விடைபெற்ற கவாசாகியின் கான்கர்ஸ் 14 ஆகிய ஷாஃப்ட் டிரைவ் வண்டிகள் எல்லாம் இதே பாதையில்தான் மறைந்தன.

டிரேசர் 9 ஜி.டி. இருக்கிறதே என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். நல்ல வண்டிதான். எஃப்.ஜே.ஆரைவிட ஏறத்தாழ 70 கிலோ குறைவு. 2023-இல் வந்த ஜி.டி. பிளஸ் மாடலில் முன்னே செல்லும் வாகனத்தின் வேகத்துக்கேற்ப ரேடார் உதவியுடன் தானே வேகத்தைச் சரிசெய்யும் வசதியும் வந்துவிட்டது. தனியாகச் செல்பவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் இருப்பது 890 சி.சி. இன்ஜின், 19 லிட்டர் டேங்க், செயின். இருவர் அமர்ந்து, பெட்டிகளை நிரப்பிக்கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது அந்த வித்தியாசம் ஒவ்வொரு மணி நேரமும் தெரியும். ஹோண்டா என்.டி. 1100, சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்.-எஸ். 1000 ஜி.டி., கவாசாகி நிஞ்சா 1100 எஸ்.எக்ஸ். எல்லாமே செயின் வண்டிகள். ஷாஃப்ட்தான் வேண்டும், சாலைக்கென்றே செய்த வண்டிதான் வேண்டும் என்பவர் பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ. கடைக்குள் நுழைந்து அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டியதுதான். நடுத்தர விலையில் அந்த இடத்தை எஃப்.ஜே.ஆர். நிரப்பிக்கொண்டிருந்தது, இன்று அங்கே வேறு யாரும் இல்லை.

யமஹா எங்கள் குரலைக் கேட்காத நிறுவனம் என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கக்கால வண்டிகளில் இன்ஜினின் வெப்பம் காலில் அடிக்கிறது என்ற குறைக்கு 2006-இல் பக்கவாட்டுக் கவசங்களை மாற்றியமைத்தார்கள். 2013-இல் க்ரூஸ் கன்ட்ரோலும், சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் வந்தன. ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த ஆறாவது கியரை 2016-இல் கொடுத்தார்கள். தாமதமானாலும் கேட்டதைக் கொடுத்தவர்கள் என்பதால்தான், இந்த ஒன்பது பத்து ஆண்டு மௌனம் எங்களுக்கு உறுத்துகிறது.

புதிய வண்டி வருமா என்பதைவிட, இருக்கும் வண்டிகள் எத்தனை காலம் ஓடும் என்பதே இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்ஜினைப் பற்றி எனக்கு அச்சமே இல்லை; இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய எஃப்.ஜே.ஆர்.கள் இங்கே அதிசயமல்ல. எண்ணெய் ஃபில்டர், பிரேக் பேட் போன்றவற்றை வெளி நிறுவனங்களும் செய்கின்றன. இந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டவைதான் கவலை தருகின்றன: ஏ.பி.எஸ். அலகு, மீட்டர் தொகுதி, விண்ட்ஷீல்டை ஏற்றி இறக்கும் மோட்டார், 2014 முதல் இ.எஸ். மாடலில் வந்த மின்னணு சஸ்பென்ஷன். சாதாரண சஸ்பென்ஷன் தேய்ந்தால் வேறு நிறுவனத்தின் நல்ல ஷாக் அப்சார்பரை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். மின்னணுச் சஸ்பென்ஷன் பழுதானால் அதே பாகம்தான் வேண்டும், அது கிடங்கில் இல்லையென்றால் வேறு வழி தேட வேண்டும். இன்று பழைய எஃப்.ஜே.ஆர். வாங்க நினைத்து என்னிடம் கேட்பவர்களுக்கு, வசதி குறைந்தாலும் மின்னணு சஸ்பென்ஷன் இல்லாத ‘ஏ’ மாடலையே பாருங்கள் என்று சொல்கிறேன். நீண்ட நாள் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் அதுதான் பாதுகாப்பு. ஆறாவது கியரும் சேர்ந்து வேண்டுமானால் 2016 அல்லது அதற்குப் பிந்தைய ‘ஏ’ கிடைத்தால் விடவேண்டாம்.

ஓர் ஆறுதலும் உண்டு. ஜப்பானியப் போக்குவரத்துக் காவல்துறையின் வெள்ளை மோட்டார் சைக்கிள்களில் எஃப்.ஜே.ஆரின் காவல் பதிப்பும் இருக்கிறது. அவை பணியில் இருக்கும்வரை உதிரிபாகங்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும் என்று நம்புகிறேன்.

யமஹாவிடம் எனக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. முதலாவது, 1,300 சி.சி.தான் வேண்டும் என்ற பிடிவாதமில்லை; அவர்களிடம் இருக்கும் மூன்று சிலிண்டர் இன்ஜினையே சற்றுப் பெரிதாக்கி, ஷாஃப்ட்டும் 25 லிட்டர் டேங்கும் இருவருக்கான இருக்கையும் சேர்த்துத் தந்தால் வரிசையில் நின்று வாங்க ஆட்கள் இருக்கிறோம். 2002-இல் அமெரிக்கர்கள் வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே முன்பணம் கட்டி எஃப்.ஜே.ஆருக்குப் பதிவுசெய்தார்கள், அதே முறையை மறுபடி வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது, அது முடியாதென்றால், மேலே சொன்ன நான்கு பாகங்களையும் இன்னும் பதினைந்து ஆண்டுகளாவது தயாரிப்பில் வைத்திருப்பதாக வெளிப்படையாக ஓர் உறுதி கொடுக்கட்டும். மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.