பாகீரதியின் மேற்குக் கரையில் பர்கிகள்

வங்காளத்தின் மீது, பர்கிகள் எனப்பட்ட மராட்டியக் குதிரைப்படையினர் நடத்திய படையெடுப்புகளை, முகலாய ஆட்சியை எதிர்த்து ஓர் இந்து அரசு நடத்திய போர் என்று சுருக்கிச் சொல்வதை அண்மைக்காலமாக அடிக்கடி கேட்க நேர்கிறது. 1742 முதல் 1751 வரை அங்கே நடந்தவற்றை ஊன்றிப் படிப்பவர் எவரும் இந்தச் சுருக்கத்தை ஏற்க மாட்டார் என்றே கருதுகிறேன்.

தொடக்கமே ஓர் அரியணைச் சண்டைதான். 1740-இல் கிரியா போர்க்களத்தில், முகலாயரின் பெயரால் வங்காளத்தை ஆண்ட நவாப் சர்ஃபராஸ் கானை வீழ்த்தி அலிவர்தி கான் தலைநகர் முர்ஷிதாபாத்தில் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரிடம் ஒரிசாவை இழந்த ருஸ்தம் ஜங், நாகபுரியின் ரகுஜி போன்ஸ்லேயை நாடினார். 1741-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறையெடுத்தவரும் இதே ரகுஜிதான்.

1742 கோடையில் ரகுஜியின் திவான் பாஸ்கர் பண்டிதர், பர்த்வான் அருகே நவாபைச் சுற்றி வளைத்தார். எதிரே நின்று மோதுவதில் அந்தப் படை நாட்டம் கொள்ளவில்லை. பீரங்கிகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் மெல்ல நகர்ந்த நவாபின் சேனைக்கு அகப்படாமல் விலகி, சுற்றியிருந்த ஊர்களை எரித்து, தானியம் வரும் வழிகளை அடைத்து, பசியைக் கொண்டே பகைவரைப் பணிய வைப்பதுதான் அதன் போர்முறை. நவாப் பசித்த வீரர்களோடு கட்வா வரை சண்டையிட்டபடியே பின்வாங்கினார். அதற்கிடையே, ஈரானில் பிறந்து ருஸ்தம் ஜங்கிடம் பணியாற்றிய மீர் ஹபீப், மராட்டியர்களுக்கு வழிகாட்டி முர்ஷிதாபாத்துக்குள் அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் சூறையாடியது சமண வணிகரான ஜகத் சேட்டின் மாளிகையை. இதில் எந்த மதம் எந்த மதத்தோடு போரிட்டது?

மழைக்காலம் வந்ததும் பெருகிய பாகீரதி ஆறு கிழக்குக் கரையைக் காத்தது. மேற்கே பர்த்வான், பீர்பூம், மேதினிப்பூர் பகுதிகள் பர்கிகளின் பிடியில் சிக்கின. நெசவாளர்களும் வணிகர்களும் உழவர்களும் உயிருக்கு அஞ்சி ஆற்றைக் கடந்தனர். கல்கத்தா மக்கள் நகரைச் சுற்றி அகழி வெட்டத் தொடங்கினர். அது முழுமையடையவே இல்லை.

அக்காலத்து வங்கக் கவிஞர் கங்காராமின் 'மகாராஷ்டிர புராணம்' எனக்கு மிக முக்கியமான சான்றாகத் தோன்றுகிறது. பூமியில் பாவம் பெருகியதால் சிவபெருமானே மராட்டியர்களை ஏவினார் என்றுதான் அவர் தொடங்குகிறார். ஆனால் அவர்கள் பிராமணரையும் வைணவரையும் பெண்களையும் வதைப்பதை விரிவாகச் சொல்லிவரும் அக்காவியத்தில், இறுதியில் தேவியே சினந்து அவர்களைக் கைவிட்டு நவாபின் பக்கம் திரும்புகிறாள். பக்தி மிக்க ஓர் இந்துக் கவிஞரால்கூட, தாம் கண்ட காலத்தின் கொடுமைகளை நியாயப்படுத்த முடியவில்லை. 1742 செப்டம்பரில் பாஸ்கர் பண்டிதர் கட்வா அருகே துர்க்கா பூசையைப் பெரும் ஆரவாரத்தோடு நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அலிவர்தி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து அவரை விரட்டினார்.

மறு ஆண்டு ரகுஜியே நேரில் வந்தார். அவரைத் துரத்தியவர் மற்றொரு மராட்டியர்: மராட்டிய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா பாலாஜி பாஜிராவ். அதற்கு விலையாக அவர் நவாபிடம் பெற்றது 22 லட்சம் ரூபாய். 1744-இல் மான்கராவில், பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கூடாரத்திலேயே பாஸ்கர் பண்டிதரையும் அவருடைய தளபதிகளையும் அலிவர்தி கொல்லச் செய்தார். அந்த வஞ்சகத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் பின்னரும் படையெடுப்புகள் ஓயவில்லை.

1751 உடன்படிக்கையின்படி ஒரிசா நடைமுறையில் நாகபுரியின் கைக்குப் போனது. வங்காளம் ஆண்டுதோறும் 12 லட்சம் ரூபாய் சௌத், அதாவது மராட்டியர்களுக்கான கப்பம், செலுத்த ஒப்புக்கொண்டது. அந்தச் சுமைக்காக 'சௌத் மராட்டா' என்ற பெயரிலேயே ஜமீன்தார்கள் மீது புதிய வரி விதிக்கப்பட்டது. அவர்கள் அதைக் குடியானவர்களிடமிருந்தே வசூலித்தனர்.