150 அடி பறந்த தகரம்

ஆனி பிறந்துவிட்டால் புளியரையில் காற்றுக்குத் தனித் திமிர் வந்துவிடும். கோட்டைவாசல் வழியாகக் கேரளத்திலிருந்து இறங்கும் வண்டிகள் எல்லாம் சோதனைச் சாவடியில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். காற்றும் சாரலும் மட்டும் யாரையும் கேட்பதில்லை. அப்படி வந்த ஓர் இரவுக் காற்றில்தான் எங்கள் மாட்டுத்தொழுவத்தின் தகரம் ஒன்று காணாமல் போனது.

கூரை போட்டது நான். கொக்கி ஆணி வாங்கச் செங்கோட்டை வரை போகச் சோம்பல்பட்டு, "நாலு கல்லைத் தூக்கி வைத்தால் அசையாது" என்று சொன்னதும் நான்தான். "கட்டுக்கம்பியாவது போடுங்கள்" என்றாள் மனைவி. கல்லின் எடை அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் மாடு நனைந்துபோய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தகரம் கிழக்கே வாழைத்தோட்டத்தில், குலை தள்ளிய ஏத்தன் வாழை ஒன்றைச் சாய்த்துவிட்டு அதன் மேலேயே படுத்திருந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சேட்டன் கோபப்படவே இல்லை. "ஓணத்துக்கு வைத்திருந்த குலை" என்று மட்டும் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்வதற்குள் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் விமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தொழுவத்திலிருந்து வாழை வரை காலால் அளந்துவிட்டு வந்தான். "150 அடி மாமா! 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்ததே 12 விநாடி, 120 அடிதான்." குலைக்குப் பணம் கொடுத்தவனுக்கு இதில் என்ன பெருமை இருக்க முடியும்?

"இது விபத்து இல்லை மாமா, லிஃப்ட்" என்றான். எனக்குத் தென்காசி ஜவுளிக்கடையில் மேலும் கீழும் போகிற பெட்டிதான் நினைவுக்கு வந்தது. "தூக்குவிசை" என்று விளக்கினான். பால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளை நீளமாகக் கிழித்து, உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் மேற்பக்கமாக ஊதினான். தொங்கிக்கொண்டிருந்த தாள் மேலே எழுந்தது. திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் அம்மாவே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"விமான இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருக்கும் ஆச்சி, கீழ்ப்பக்கம் தட்டை. முன்னால் இரண்டாகப் பிரிந்த காற்று பின்னால் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம். அதனால் அது வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். கீழே இருக்கிற அழுத்தம் இறக்கையைத் தூக்கிவிடும்."

நான் தலையாட்டிவிட்டேன். எனக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்த ஞாபகம்.

அம்மா கீரைக்காம்பை ஓரமாகப் போட்டுவிட்டுக் கேட்டாள். "ஏன் ராசா சேர வேண்டும்? திருவிழாவில் பிரிந்த அண்ணன் தம்பியா, கடைசியில் எப்படியும் சேர்ந்தே ஆவதற்கு?"

பையன் வாயைத் திறந்தான்.

"அதுவும் போகட்டும். நம் தகரத்துக்கு மேலே எவ்வளவு நீளமோ கீழேயும் அவ்வளவுதானே? அது எப்படிப் பறந்தது?"

திறந்த வாயை மூடிக்கொண்டு போனவன், சாயங்காலம் வரை மச்சியில் கைபேசியும் கையுமாக இருந்தான். இறங்கி வந்தபோது முகத்தில் தோல்வியும் சந்தோஷமும் கலந்திருந்தன. "ஆச்சி கேட்டதுதான் சரி மாமா. பிரிந்த காற்று சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சுரங்கம் போன்ற கூண்டுக்குள் புகை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேலே போன காற்று, கீழே போனதற்குக் காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுகிறது."

மேலே வேகம் கூடுவதும் அழுத்தம் குறைவதும் உண்மை. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று சொன்ன அறிஞர் பெர்னூலி மேல் பிழையில்லை. வேகத்துக்குச் சொன்ன காரணம்தான் கட்டுக்கதை. இறக்கை தன்மேல் வரும் காற்றை வளைத்துக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். நியூட்டன் சொன்ன எதிர்விசை. சற்றே சாய்த்துப் பிடித்தால் தட்டைப் பலகைக்கும் தூக்குவிசை உண்டு. விமானம் தலைகீழாகப் பறக்க முடிவதும், மூக்கைச் சற்று உயர்த்தி அந்தச் சாய்வைப் பிடிப்பதால்தான்.

மறுநாள் கொக்கி ஆணி வாங்க இருவரும் பைக்கில் செங்கோட்டைக்குப் போனோம். பின்னால் உட்கார்ந்தவன் வலக்கையை விறைப்பாக நீட்டினான். உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தவரை ஒன்றுமில்லை. முன்னால் இருந்த கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியதும் கை தானாக மேலே போனது. "இன்னும் உயர்த்துகிறேன் பாருங்கள்" என்றான். ஓட்டுகிறவன் எங்கே பார்ப்பது? கை படபடவென்று நடுங்கித் தொப்பென்று பின்னால் இழுபட்டது. சாய்வு அளவுக்கு மீறினால் மேலே போகும் காற்று ஒட்டி வழியாமல் பிய்த்துக்கொண்டுவிடுமாம். ஸ்டால் என்பார்களாம். பெரும்பாலான இறக்கைகளுக்கு 15 பாகை அளவில் இது நடந்துவிடும். இயந்திரம் நிற்பதல்ல, இறக்கை கைவிடுவது. இதற்குள் பின்னால் வந்த வைக்கோல் லாரிக்காரர், நாங்கள் வலப்புறம் திரும்புகிறோம் என்று நம்பி வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். திரும்பாமல் நேராகப் போனதும், முந்திச் செல்லும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆணிக்கடையில் பையன் கணக்குப் போட்டான். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கும். எங்கள் தகரம் மூன்றேகால் சதுர மீட்டர். ஆக 55 கிலோ. தகரம் 13 கிலோ, நான் வைத்த நான்கு கல்லும் சேர்ந்து 32 கிலோ. பத்து கிலோ வித்தியாசத்தில் தோற்றிருக்கிறேன். இன்னும் இரண்டு கல் வைத்திருந்தால் போதுமே என்றேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்றான். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் 122 சதுர மீட்டர் இறக்கை, சுமார் 78 டன்னைத் தூக்குவது அந்த வேகத்தை நம்பித்தானாம். கல் யோசனையைக் கைவிட்டேன்.

தொழுவத்தின் மேற்குப் பக்கம் திறந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. உள்ளே புகுந்த காற்று கீழிருந்து முட்ட, கூரை விளிம்பில் பிய்ந்துபோன காற்று மேலிருந்து உறிஞ்சியிருக்கிறது. உறிஞ்சல் விளிம்பிலும் மூலையிலும்தான் அதிகம் என்பதால் அங்கே ஆணியை நெருக்கி அடிக்க வேண்டும் என்றான். "உன் பூட்டன் ஓலை வேயும்போது இறவாரத்தில் மட்டும் இரட்டைக் கட்டுப் போடுவார்" என்றாள் அம்மா. பையன் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

மேற்கே தட்டி வைத்து, ஆணி அடித்து மூன்று நாளாகிறது. தகரம் இம்மியும் அசையவில்லை. மாடுதான் உள்ளே போக மறுக்கிறது. சாரலில் நனைந்தபடி வாசலில் நின்று, ஒரு கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டே அசைபோடுகிறது.