லாஸ் வேகஸில் ரோபோச் சண்டை பார்த்தோம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்து, பார்ஸ்டோ தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் பொட்டல்காடுதான். அக்கா மகன் உடன் வந்ததால் வழி போனதே தெரியவில்லை. வாயைத் திறந்தால் பேட்டில்பாட்ஸ் என்ற டிவி ரோபோச் சண்டைப் போட்டிதான் அவனுக்கு. வேகஸுக்குப் போகிறவர்கள் சூதாட்ட விடுதிகளைத் தேடிப் போவார்கள். நாங்கள் நேராகப் போனது கோவல் லேனில் இருக்கும் அரங்குக்கு. டிவியில் பார்த்த ரோபோச் சண்டையை நேரில் பார்க்க 2023 பிப்ரவரியில் அங்கே ‘டிஸ்ட்ரக்ட்-அ-தான்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சண்டை நடக்கும் அந்தப் பெட்டி. 48 அடிக்கு 48 அடி, எஃகுத் தரை, சுற்றிலும் பாலிகார்பனேட் சுவர். எங்கள் வரிசைக்கு நேர் எதிரே சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. என்றைக்கோ தெறித்து வந்த இரும்புத் துண்டு அடித்த இடமாக இருக்க வேண்டும். ஹெவிவெயிட் ரோபோ ஒன்றின் எடை 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. அந்த எடையில் இரண்டு மோதும்போது வரும் சத்தம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. டிவி பெட்டியில் அது கிடைக்கவே கிடைக்காது.

பெட்டிக்குள் எதிராளி மட்டும் ஆபத்தில்லை. தரையில் நீளவாக்கில் வெட்டுகள். அவற்றின் வழியே வட்ட ரம்பங்கள் திடீரென்று எழும். கில்சா என்பார்கள். மூலைகளில் பிரம்மாண்டமான சுத்தியல்கள், பெயர் பல்வரைசர். சுவரோரம் சுழலும் திருகுகள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ரம்பம்தான் பயம் காட்டும், ஏனென்றால் தீப்பொறி அதில்தான் பறக்கிறது. ஆனால் தடித்த கவசத்தில் அது போடுவது பெரும்பாலும் கீறல்தான். அதன் வேலை வேறு. அடியில் வந்து தட்டியதும் ரோபோவின் ஒரு பக்கம் ஒரு நொடி தூக்கிக்கொள்ளும். அந்த நொடியில் எதிராளியின் கரண்டி போன்ற முன்பல் அடியில் நுழைந்துவிட்டால் ஆட்டம் கைமாறிவிடும். இந்த ஆட்டத்தில் யார் யாருக்கு அடியில் போகிறார்கள் என்பதுதான் பாதிச் சண்டை.

அதனால்தான் எனக்கு இந்தத் தரை மேலேயே கண். தகடுகள் சேரும் இடத்தில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும், தரையை உரசிக்கொண்டு போகும் முன்பல் அதில் மாட்டிச் சட்டென்று நின்றுவிடும். அதே தரையைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 2015-இல் கோப்பை வென்ற பைட் ஃபோர்ஸ், எஃகுத் தரையை இறுகப் பிடித்துக்கொள்ளக் காந்தம் வைத்திருந்தது. இறுதியில் அது ஜெயித்தது டூம்ஸ்டோனை, கனமான இரும்புப் பட்டையைக் கிடைமட்டமாகச் சுழற்றி எல்லோரையும் நடுங்க வைத்த ரோபோவை!

நாங்கள் பார்த்ததில் ஒரு சண்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் பட்டை சுழற்றும் ரோபோ, மறுபக்கம் எதிராளியைத் தூக்கி எறியும் ஃபிளிப்பர். விளக்கு பச்சையானதும் ஃபிளிப்பர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

“மாமா, இதுதான் பாக்ஸ் ரஷ்! பட்டை வேகம் எடுக்கிறதுக்குள்ள போய் இடிச்சிடணும்” என்று அவன் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

முழு வேகத்தில் சுழலும் பட்டையை நேரே போய்ச் சந்திப்பது தற்கொலை. முதல் சில நொடியில் அதில் உயிர் இருக்காது. ஃபிளிப்பர் அதைச் சுவர்வரை தள்ளிக்கொண்டே போனது. சுவருக்குப் பக்கத்தில் வந்தபோது பட்டை வேகம் பிடித்துவிட்டது, ஆனால் அடி விழுந்தது சுவரில். அந்த எதிர்விசையில் ரோபோ தானே பம்பரமாகச் சுற்றித் திருகின் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சும்மா சுழல, மற்றொன்றுக்குப் பிடிமானம் இல்லை. நகர முடியாததால் பத்து எண்ணி, அது தோற்றதாக முடித்தார்கள். ஃபிளிப்பர் அதன் மேல் ஒரு பலத்த அடிகூடப் போடவில்லை.

எண்ணிக்கைக்கு விழாமல் ஆட்ட நேரமான மூன்று நிமிடமும் ஓடியிருந்தாலும் ஓட்டுநரின் கைத்திறமை வீண்போகாது. டிவி போட்டியின் அண்மைக்கால சீசன்களில் ஒவ்வொரு நடுவர் கையிலும் 11 புள்ளி: சேதத்துக்கு 5, கட்டுப்பாட்டுக்கு 3, ஆக்ரோஷத்துக்கு 3. எதிராளியைச் சுத்தியலுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினால், சுத்தியல் பெரிதாக நொறுக்காவிட்டாலும் கட்டுப்பாடு யாரிடம் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஓட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

திரும்பும் வழியெல்லாம் வாக்குவாதம். மூன்று பவுண்டு பிரிவில் சொந்தமாக ஒன்று செய்யப்போகிறான், அதில் செங்குத்தாகச் சுழலும் ஆயுதம் வைத்தே தீருவானாம். முதலில் சாய்வுப் பலகை வைத்த எளிய வண்டி ஒன்றைச் செய்து, சுவர் பக்கம் சிக்காமல் ஓட்டப் பழகட்டும் என்பது என் கட்சி. பார்ஸ்டோவில் காபிக்கு நிறுத்தியபோது டிஷ்யூ தாளில் சக்கரத்தின் இடத்தை வரைந்து காட்டினான். முன்னால் ஆயுதத்துக்கும் ஓர் இடம் விட்டிருந்தான்.